ஆமாண்ணே

மளிகைக்கடைக்காரர் நாற்காலியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். நுரை தடவிய கழுத்தில் சதை மடிப்பு மடிப்பாகக் கிடந்தது. மடிப்புக்குள் வியர்வையும் பழைய பவுடரும் சேர்ந்து பிசுபிசுத்தன. எச்சில் விழுங்கும்போதெல்லாம் தொண்டை ஏறி இறங்கியது. வழக்கமாகச் சவரத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி வேறொரு தலையில் மும்முரமாக இருந்ததால், இன்று சலூன்காரனான அவனே மாட்டிக்கொண்டான். சவரக்கத்தியில் புது பிளேடைச் சொருகிக் குனிந்ததுமே அந்த நினைப்பு வந்துவிட்டது. ஒரே இழுப்பு. நுரை சிவப்பாவதும், போர்த்திய துணியில் சூடாக வழிவதும் கண்ணெதிரே நடந்தன. அவர்பாட்டுக்கு விலைவாசியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“ஆமாண்ணே” என்றான். பிறகு, “தம்பி, அண்ணனுக்கு நீ பாருடா. எனக்கு போன் வருது.”

போனும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. பின்பக்கம் போய்த் தொட்டியில் ஓங்கரித்தான். புளித்த தண்ணீர்தான் வந்தது. காறித் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான். சீ, என்ன மனுஷன் நான்.

பலகையில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் அது ‘ஆமாண்ணே கடை’தான். நாற்காலியில் உட்கார்ந்தவர் சொல்வதே அங்கே சட்டம். ஆளுங்கட்சிக்காரர் உட்கார்ந்தால் ஆட்சி பிரமாதம். அவர் எழுந்து எதிர்க்கட்சிக்காரர் உட்கார்ந்தால் நாடு நாசம். ரெண்டுக்கும் ஆமாண்ணே. காது மயிரும் பொடுகும் வாய் நாற்றமும் முகத்துக்கு நேராக அடிக்க, சிரித்துக்கொண்டே தலையாட்டிப் பிழைத்த பிழைப்பு. அதெல்லாம் முன்னே ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. இப்போது கழுத்தைக் கண்டாலே குடல் புரள்கிறது. அதைவிட, குடல் புரள்வதை மறைத்து இளிக்கும் தன் பல்லைக் கண்ணாடியில் பார்த்தால் இன்னும் புரள்கிறது.

மற்றவர்கள் கழுத்தோடு போயிருந்தால் தொலைகிறது என்று தம்பி தலையில் கட்டிவிட்டிருப்பான். மகளுக்கு முடி வளர்ந்து கண்ணை மறைத்தது. “ஊர்த் தலையெல்லாம் அழகு பண்றீங்க, பெத்த பொண்ணு பரட்டைத் தலையோட திரியுது” என்று மனைவி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். குழந்தையே ஒருநாள் கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு வந்து, “அப்பா, வெட்டு” என்று மடியில் ஏறிக் குனிந்தது. பால் வாசனை போகாத பிடரி. அங்கேயும் அது வந்தது. கத்தரியைச் சுவரில் வீசி எறிந்து, “போடி அந்தப் பக்கம்!” என்று அலறிவிட்டான். அன்றிலிருந்து அவன் வீட்டுக்குள் நுழைந்தால் குழந்தை அம்மாவின் பின்னால் ஒளிகிறது. மனைவிதான் விசாரித்து, மனநல ஆலோசகரிடம் அனுப்பினாள்.

அங்கே போய் என்ன கிழித்தான்? தூக்கம் வரவில்லை என்றான். ஆலோசகர் அம்மா மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். “பண்ணீங்களா?” என்றால், “ஆமாங்க மேடம், சூப்பரா தூக்கம் வருது.” ஒருநாள்கூடச் செய்ததில்லை. சொன்னதும் அந்த அம்மாவின் முகம் மலரும். அது மலர்ந்தால் இவன் நாக்கு நிற்காது, இன்னும் ரெண்டு சேர்த்துவிடும். பழக்கதோஷம். இங்கே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தான்தான் என்பதே மண்டையில் ஏறாமல், வாராவாரம் அந்த அம்மாவுக்குச் சவரம் பண்ணிவிட்டு வந்துகொண்டிருந்தான்.

மளிகைக்கடைக்காரரை விட்டு ஓடிய அன்று மாலையும் அதே கூத்து. எல்லாவற்றுக்கும் ஆமாங்க.

“ரொம்ப நல்ல முன்னேற்றம்” என்று ஆலோசகர் எழுந்து கதவைத் திறந்தார். “இனிமே நீங்க வாராவாரம் வரணும்னு இல்ல. தேவைப்பட்டா கூப்பிடுங்க. சரிதானே?”

“ஆமாங்க மேடம்.”

சொன்ன வாயில் அழுகின முட்டையைக் கடித்த மாதிரி இருந்தது. வெளியே ஒரு பெண் கைப்பையை மடியில் வைத்துக் காத்திருந்தாள். ஒரு எட்டு வைத்தால் தெரு. தெருவைத் தாண்டினால் வீடு. வீட்டில் குழந்தை ஒளிந்துகொள்ளும்.

“இல்லங்க” என்றான்.

“என்ன இல்ல?”

“நான் சொன்னதெல்லாம் பொய். மூச்சுப் பயிற்சி ஒரு நாளும் பண்ணல. உங்க மூஞ்சி சந்தோசமா இருக்கட்டும்னு சொன்னேன்.”

அந்த முகம் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. ‘சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் மேடம்’ என்று தூக்கி நிறுத்திவிட அவனுக்கு வாய் துடித்தது. பல்லைக் கடித்து விழுங்கினான்.

ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அவன் நின்றபடியே கொட்டினான். கழுத்து, பிளேடு, நுரை, மகளின் பிடரி, எல்லாம். பேசப் பேசத் தன் வாயே சாக்கடை மாதிரி நாறுவது போலிருந்தது.

“அப்படிச் செய்யணும்னு தோணுதா, இல்ல செஞ்சிடுவோமோன்னு பயமா?”

“பயம்தாங்க. என் புள்ள மேல கை வெச்சிடுவேனோன்னு. நினைச்சாலே வாந்தி வருது.”

ஆலோசகர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

“என்னைப் பார்த்தும் வந்திருக்கா?”

இதற்கு ஒரே பதில்தான் மரியாதை. ‘ஐயையோ, உங்களைப் போயா மேடம்!’ நாக்கு நுனியில் தயாராகவே நின்றது.

“வந்திருக்கு” என்றான். “இப்பக்கூட.”

ஆலோசகரின் கை சட்டென்று கழுத்துப் பக்கம் எழுந்தது. பாதியில் நின்றது. பிறகு மெதுவாக மடிக்கு இறங்கியது. தொண்டைக் குழியில் நரம்பு ஒன்று வேகமாகத் துடித்துக்கொண்டிருந்தது. அவன் நாற்காலியை இழுத்து, அந்தக் கழுத்துக்கு எதிரே உட்கார்ந்தான்.