நிற்கிறவளின் பெயர்

ஏதென்ஸ் நகர வாசலுக்கு வெளியே, இடுகாட்டுப் பாதையில் சிற்பி எர்கோபிலோசின் பட்டறை இருந்தது. அக்காவுக்குக் கல்லறைக்கல் வாங்கப் போன நௌசியாஸ், பெயர் மட்டும் பொறிக்காமல் செதுக்கி முடித்திருந்த ஒரு பளிங்குக் கல்லின் முன்னால் நின்றுவிட்டான். அதில், நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இன்னொருத்தி எதிரே நின்று அவள் கையைப் பிடித்திருந்தாள். இருவர் முகத்திலும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

"இதுல செத்தது யாருண்ணே?"

"பேரு யார் தலைக்கு மேல வருதோ அவதான். வழக்கமா உக்காந்திருக்கிறவ."

"ஏன் ரெண்டு பேருமே அழல?"

"அழுகையெல்லாம் வீட்டுலயே முடிஞ்சிருக்கும். இது அதுக்கப்புறம். பிடிச்ச கையைப் பாரு, யாராவது விடுறாங்களா?"

நௌசியாஸ் குனிந்து பார்த்தான். எது யாருடைய விரல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அக்கா ஹெடிலே நினைவுக்கு வந்தாள். நாள் முழுக்கத் தறி முன்னால் நின்று நெய்தவள், அத்திப்பழத்தைக்கூட நின்றபடியே தின்றவள்.

"நிக்கிறவ தலைக்கு மேல எழுதுங்கண்ணே."

"பாக்குறவன் குழம்பிப் போவானேப்பா."

"குழம்பட்டும். எங்க அக்காவ உக்கார வைக்க யாராலயும் முடிஞ்சதில்ல."

எர்கோபிலோஸ் சிரித்துக்கொண்டே உளியை எடுத்தார். முதல் எழுத்து கல்லில் விழுந்ததும்தான் நௌசியாசுக்குக் கண் கலங்கியது.