உழவு டாக்டரின் புதுக் கிளப்

பல் டாக்டருக்குக் கோல்ஃப் மைதானத்தில் வேறொரு பெயர் இருந்தது: உழவு டாக்டர். பந்துக்கு ஒரு சாண் பின்னாலேயே கிளப்பை, அதாவது கோல்ஃப் மட்டையை, மண்ணில் இறக்கி, கையகலப் புல்லைப் பெயர்த்துவிடுவாள். புல் பறக்கும், மண் பறக்கும். பந்து மட்டும் நமக்கென்ன வந்தது என்பதுபோல இரண்டடி உருண்டு நின்றுகொள்ளும். இந்தப் பெயரை வைத்தவன் ஊரான் இல்லை, கூடப் பிறந்த தம்பி.

கிளினிக்கில் இதே கைகளுக்கு வேறு மரியாதை. தலைமுடி போன்ற வேர்க்குழாய்க்குள் கருவியை விட்டு, நோயாளி கண்ணைத் திறப்பதற்குள் வேலையை முடித்துவிடும் கைகள் அவை. ஆனால் புல்தரையில் இறங்கினால் அவை யாருடைய கைகளோ ஆகிவிடும். கோல்ஃபில் ஹேண்டிகேப் என்று ஒரு கணக்கு உண்டு. ஆட்டம் மோசமாக மோசமாக அந்த எண் ஏறும். தம்பியின் எண் ஒற்றை இலக்கம். அக்காவின் எண், அதற்கு மேல் ஏற இடமில்லாத உயரத்தில் வசதியாக உட்கார்ந்திருந்தது.

இருந்தும் அவள் விடவில்லை. காலையில் பனி காயாத புல்லில் நடப்பதும், பல்லைப் பற்றிப் பேசாத மனிதர்களோடு இருப்பதும் அவளுக்குப் பிடித்திருந்தது. தம்பி தான் ஆடிப் பழசாக்கிய அயர்ன்களை ஆசையாகக் கொடுத்திருந்தான். அயர்ன் என்றால் உலோகத் தலை வைத்த கிளப். தூரத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அவற்றில் ஏழாம் எண்ணை ஒருநாள் அவள் ஓங்கி வீசியபோது தலை தண்டிலிருந்து கழன்று பறந்தது. அன்று பந்தைவிடக் கிளப்பின் தலை அதிக தூரம் போனது.

"அக்கா, இன்னைக்கு நீ அடிச்சதுலயே இதுதான் பெஸ்ட்" என்றான் தம்பி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"சிரிச்சது போதும். கடைக்கு வா."

கடை, பயிற்சி மைதானத்தின் ஓரத்தில் ஒரு நீளமான கொட்டகை. ஒரு பக்கம் சுவரே கிடையாது. அங்கே நின்று அடித்தால் பந்து நேராகத் திறந்த வெளிக்குப் போகும். மற்ற மூன்று சுவர்களிலும் அயர்ன்கள் வரிசையாகத் தொங்கின. புது ரப்பரும் பசையும் கலந்த வாசனை. கடைக்காரப் பெண் கழுத்தில் அளவு நாடாவும் கொண்டையில் பென்சிலும் செருகிக்கொண்டு, சூயிங்கம் மென்றபடி வந்தாள். டாக்டரை நேராக நிற்கச் சொல்லி, மணிக்கட்டிலிருந்து தரைவரை அளந்தாள்.

அதற்குள் தம்பி ஓர் அயர்னை எடுத்துவந்துவிட்டான். மெல்லிய தலை, பளபளப்பு, விளிம்பு கத்தி மாதிரி.

"பாரு, இதுதான் கிளப். நல்லா ஆடுறவங்க கையில எல்லாம் இதுதான் இருக்கும்."

"நல்லா ஆடுறவங்களுக்குச் சரி. எனக்கு?"

"இதை வாங்கினா ஆட்டம் தானா வரும்."

"ஏன்டா, டிரில் வாங்கினவன் எல்லாம் பல் டாக்டரா?"

ஆனாலும் அழகு அவளையும் மயக்கியது. வாங்கி அடித்துப் பார்த்தாள். ணங் என்றது. அதிர்வு விரலில் தொடங்கி முழங்கை வழியாக ஏறித் தாடையில் போய் முடிந்தது. கடைசியில் கூசியது எந்தப் பல் என்றுகூட அவளால் சொல்ல முடிந்தது. பந்து தரையோடு தரையாக ஊர்ந்துபோய் ஒரு தகரப் பலகையில் முட்டிக்கொண்டது.

"இது உங்களுக்கு வேணாம் மேடம்" என்று கடைக்காரப் பெண் வெளிர் ஊதா நிறப் பிடி போட்ட ஒன்றை நீட்டினாள். "லேடீஸ் எல்லாரும் இதைத்தான் எடுப்பாங்க. வெயிட்டே தெரியாது."

வெயிட் மட்டுமா? தலை எங்கே இருக்கிறது என்பதும் தெரியவில்லை. டாக்டர் வீசிய வேகத்தில் ஒரு சுற்றே சுற்றி, தம்பியைப் பார்த்தபடி நின்றாள். பந்து வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

"ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா இருங்க" என்றாள் அவள். "கருவி வாங்குறது எனக்குத் தெரியாத வேலை இல்லை."

கிளினிக்குக்குக் கருவி வாங்கும்போது அவள் முதலில் கண்ணை மூடிக்கொள்வாள். கையில் எடை எங்கே உட்காருகிறது என்று பார்த்த பிறகுதான் கண்ணைத் திறப்பாள். இங்கேயும் அப்படியே செய்தாள். சுவரோரமாக நடந்து, ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணை மூடி மெதுவாக ஆட்டி, திரும்ப மாட்டினாள். ஒரு மூலையில் எடுத்த ஒன்றைத் திரும்ப மாட்டவில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தால் அது ஒரு குண்டு அயர்ன். முதுகைக் குடைந்து எடுத்து, எடையை ஓரங்களுக்குத் தள்ளியிருந்தார்கள். அடிப்பாகம் அகலம். பலர் எடுத்து அடித்துப் பார்த்ததில் பந்தில் படும் முகமெல்லாம் கீறல்.

"ஐயோ அக்கா, அதைக் கீழ வை. மண்வெட்டி மாதிரி இருக்கு."

"உழவுக்கு மண்வெட்டி பொருத்தம்தானே?" என்றவள் கடைக்காரப் பெண்ணிடம் திரும்பினாள். "இதோட அடி ஏன் இவ்வளவு அகலம்?"

"மண்ணுல குத்தி நிக்காது மேடம், வழுக்கிட்டுப் போகும். நடுவுல படலைன்னாலும் பந்து ஓரளவுக்குப் போகும். பார்க்க நல்லா இல்லைன்னு நிறைய பேர் தொட மாட்டாங்க." பெண் ஒரு திருகுசாவியால் தலையைக் கழற்றி, கொஞ்சம் வளைந்து கொடுக்கும் தண்டில் பூட்டிக் கொடுத்தாள்.

முதல் அடி வழக்கம்போல் மண்ணில்தான் இறங்கியது. ஆனால் கிளப் புதைந்து நிற்காமல் சறுக்கி வெளியே வந்தது. பந்து வலப்பக்கம் தாழப் போய் விழுந்தது. அடுத்ததும் அப்படித்தான். தம்பி கொட்டாவியை மறைத்துக்கொண்டான்.

மூன்றாவது அடியில் சத்தமே வேறு மாதிரி வந்தது, ஈரத்துணியை ஒரே உதறாக உதறினதுபோல. கையில் ஒன்றும் தெரியவில்லை. அதிர்வு இல்லை, கூச்சம் இல்லை. அடியே விழவில்லை என்று நினைத்து டாக்டர் குனிந்து பார்த்தாள். பந்தைக் காணோம். நிமிர்ந்தால், தம்பி வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பந்து இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

அது யாரோ அடித்துத் துரத்திய பொருளாகத் தெரியவில்லை. தன் இஷ்டத்துக்குக் கிளம்பிப் போவதுபோல இருந்தது. சாம்பல் மேகத்தின் எதிரே வெள்ளைப் புள்ளியாகி, உச்சியில் ஒரு கணம் ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் நின்று, பிறகு அவசரமே இல்லாமல் எங்கோ தூரத்துப் பச்சையில் இறங்கியது. டாக்டருக்குக் கை முழுக்கப் புல்லரித்தது. கல்லூரியில் முதன்முதலாக மைக்ராஸ்கோப் வழியாக ஒரு பல்லின் உள்ளே பார்த்த நாள் நினைவுக்கு வந்தது. கல் மாதிரி இருக்கும் பல்லுக்குள் ஆயிரக்கணக்கில் குழாய்கள், ஏதோ நட்சத்திரக் கூட்டம் மாதிரி. அன்றும் இப்படித்தான் மூச்சு விட மறந்து நின்றாள்.

"அதை நானாடா அடிச்சேன்?"

"நீதான்க்கா. நான் இங்க நிக்கிறேன், பாரு."

"கையில ஒண்ணுமே தெரியலையே!"

கடைக்காரப் பெண் மெல்லுவதை நிறுத்தியிருந்தாள். "நடுவுல பட்டா அப்படித்தான் மேடம். தெரியாது."

இத்தனை வருஷமாக வலிப்பதுதான் ஆட்டம் என்று நினைத்திருந்தாள் டாக்டர். அவளிடம் வருகிறவர்களும் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, வலிக்காகவே காத்துக்கொண்டிருப்பார்கள். எல்லாம் முடிந்தபின் நம்பாமல், "முடிஞ்சிருச்சா டாக்டர்?" என்று கேட்பார்கள். அதே கேள்வி இப்போது அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அடித்தவற்றில் பாதிக்குமேல் கோணல்தான். அதை அவள் மறைக்கவும் இல்லை. "இதே மாதிரி ஒரு செட் போட்டுக் கொடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், தம்பி அந்த மண்வெட்டியை வைத்துக் கள்ளத்தனமாக ஒரு பந்தை அடித்துக்கொண்டிருந்தான்.

"உனக்குத்தான் அது பிடிக்காதே?"

"சும்மா பார்த்தேன்" என்றவன், சும்மா இன்னொன்றும் பார்த்தான்.

புது அயர்ன்கள் வந்த வார இறுதியில் இருவரும் மைதானத்துக்குப் போனார்கள். மந்திரம் ஒன்றும் நடக்கவில்லை. பெயர்ந்த புல்லின் அளவு மட்டும் கையகலத்திலிருந்து வெற்றிலை அகலத்துக்குக் குறைந்திருந்தது. அப்படியே ஆடிக்கொண்டு குளத்துக்கு வந்து சேர்ந்தார்கள். குளத்துக்கு அந்தப் பக்கம், பந்தைத் தள்ள வேண்டிய குழியைக் காட்டும் கொடி. டாக்டர் எப்போதும் கரையைச் சுற்றிக் குட்டிக் குட்டியாகத் தட்டிக்கொண்டு போய்ச் சேருவாள். தம்பியும் பழக்கத்தில் பக்கவாட்டைக் காட்டினான். அவள் பையிலிருந்து ஏழாம் எண்ணை உருவினாள்.

"அக்கா, எதிர்ல குளம்."

"எனக்கும் கண்ணு இருக்கு."

"அப்போ பழைய பந்தா எடுத்துக்கோ. போனாலும் மனசு ஆறும்."

அவள் உறை பிரிக்காத புதுப் பந்து ஒன்றை எடுத்து வைத்தாள். வீசினாள். மறுபடியும் அந்த ஈரத்துணிச் சத்தம். மறுபடியும் கையில் ஒன்றுமில்லை.

பந்து தண்ணீருக்கு மேலே ஏறியது. குளத்தில் அதன் நிழல் தனியாகக் கூடவே போயிற்று. உச்சிக்கு வந்த நேரம், அங்கே வட்டமிட்டுக்கொண்டிருந்த ஒரு பருந்து சட்டென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இறக்கையை மடக்கிக்கொண்டு பந்தின் பின்னாலேயே பாய்ந்தது. இந்த மைதானத்தில் அவள் அடித்த பந்துகளை இதுவரை மண்புழுக்கள்தாம் அறிந்திருந்தன. ஒரு பறவை திரும்பிப் பார்க்கும் உயரத்துக்கு ஒன்றுகூடப் போனதில்லை. வெள்ளைப் புள்ளியும் பழுப்புப் புள்ளியும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது பருந்து இறக்கையை விரித்துத் திரும்பிக்கொண்டது. பந்து கொடிக்குப் பக்கத்தில் ஒரு துள்ளு துள்ளி நின்றது.

எதற்கும் அபிப்பிராயம் சொல்லாமல் இருக்கத் தெரியாத தம்பி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அக்கா... அது உயிருள்ளதுன்னு நினைச்சிடுச்சு."

"எனக்கும் அப்படித்தான்டா தோணுச்சு" என்றாள் அவள்.

கரையைச் சுற்றி நடந்துபோய்ப் பந்துக்குப் பக்கத்தில் நின்றார்கள். அதைத் தொட அவளுக்கு உடனே மனம் வரவில்லை. குழியில் தள்ள இன்னும் நான்கு தட்டு தட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே அண்ணாந்து பார்த்துக்கொண்டாள். பருந்து மறுபடி குளத்துக்கு மேலே வட்டமிடத் தொடங்கியிருந்தது. தம்பியும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.