கோஸ் புளிக்கும்வரை

"உப்பு எங்க வெச்சே?"

"குளிர்காலத் துணின்னு எழுதின பெட்டில பாரு."

"அதுல வாணலிதான் இருக்கு."

"அப்போ வாணலின்னு எழுதினதுல பாரு, அசென்."

என் புருஷன் நாற்காலியைவிட்டு எழாமலே ஊன்றுகோலால் பெட்டிகளைத் தட்டித் தட்டிப் பார்த்தார். தட்டினால் உப்பு பதில் சொல்லும் என்கிற மாதிரி. வாணலி என்று எழுதிய பெட்டியில் என் தையல் மெஷினின் கால்மிதி இருந்தது. அன்றைக்கு முட்டையை உப்பில்லாமல்தான் தின்றோம்.

செப்டம்பரிலேயே வீட்டுச் சாமானையெல்லாம் பெட்டிகளில் கட்டிவைத்துவிட்டேன். பிறகு ஒவ்வொரு சாமானாக வேண்டியிருந்தது. ஒரு பெட்டியைப் பிரிப்பேன், வேண்டியதை எடுப்பேன், மீதியை வேறு பெட்டியில் திணிப்பேன். மேலே எழுதியதற்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விட்டது. நாங்கள் போகவேண்டிய தூரத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ரூசே ஊரில் இதே கட்டடம், இதே மாடிப்படி. ஐந்தாம் மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு. லிஃப்ட் கிடையாது. "எங்க அக்கா பொண்ணு ஜெர்மனிக்கே குடிபோயிட்டா, நீங்க இன்னும் அஞ்சு மாடி இறங்கலையா?" என்று இரண்டாம் மாடி வேல்கோ கேட்காத நாளில்லை.

மார்ச் மாதம் மளிகைக் கடை வாசல் பனியில் வழுக்கி அசெனுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் அவரை மேலே தூக்கிவந்து விட்டதோடு சரி, அப்புறம் அவர் தரையை மிதிக்கவில்லை. கீழ்வீட்டை வாங்கின பத்திரத்தில் கையெழுத்து வாங்கக்கூட ஆள் மேலே ஏறி வந்தது. வேல்கோவும் அவன் மருமகன்களும் தினம் தூக்கி இறக்குகிறோம் என்றுதான் சொன்னார்கள். இவர் கேட்கவேண்டுமே.

"நான் என்ன சவப்பெட்டியா, தினம் தூக்க? ஒரே ஒரு தடவைதான் தூக்க விடுவேன். கீழ வந்தா மறுபடி மேல ஏற மாட்டேன்."

கீழே லிண்டன் மரத்தடியில் ஒரு பெஞ்சும் மேஜையும் இருக்கின்றன. அங்கேதான் இவரும் வேல்கோவும் முப்பது வருஷமாகப் பகடைப் பலகை ஆடினார்கள். இந்தக் கோடை முழுக்க இவர் பால்கனியில் உட்கார்ந்து ஆடினார். வேல்கோ இரண்டு பேருக்கும் சேர்த்து உருட்டி, "ஆறு, மூணு!" என்று கத்துவான். எந்தக் காயை நகர்த்தவேண்டும் என்று இவர் மேலிருந்து கத்துவார். ஐந்தாம் மாடியிலிருந்து பகடையின் புள்ளி தெரியுமா?

"ஏமாத்தறான் தோன்கா. எனக்கு ஆறே விழல இந்த வருஷம். என் கையால உருட்டணும். அது போதும் எனக்கு."

குளிர் வருவதற்குள் கீழே போகவேண்டும். அதற்குத் தரைத்தளத்து ஸ்பாஸ் அண்ணன் வீட்டைக் காலி செய்யவேண்டும். அவர் மனைவி போய்ச்சேர்ந்தபின் தனியாக இருந்தவர், வார்னாவில் மகளோடு போய் இருக்கப்போவதாகச் சொல்லி எங்களுக்கு விற்றார். நாளையும் அவரேதான் குறித்தார். "புனித திமித்தார் நாளன்னிக்கு சாவி உன் கையில." எங்கள் பக்கத்தில் ஆட்டுக்காரன் கணக்கு முடிப்பதும் குடியிருப்பவன் வீடு மாற்றுவதும் அக்டோபர் கடைசியில் வருகிற அந்த நாளில்தான். அதனால் நானும் நம்பினேன்.

முதலில் மகள் வீட்டில் டைல்ஸ் ஒட்டுகிறார்கள் என்றார். பிறகு லாரி கிடைத்த நாள் செவ்வாய்க்கிழமையாகப் போயிற்று. செவ்வாயில் எவன் காரியம் தொடங்குவான்? லாரிக்காரனே மாட்டேன் என்றானாம். அடுத்துக் கிடைத்தது சனிக்கிழமை. அது இறந்தவர்களுக்குக் கோதுமை அவித்துக் கல்லறைக்குக் கொண்டுபோகிற சனிக்கிழமை. அதற்கு நானும் எதிர்ப்பேச்சுப் பேச முடியாது, என் அம்மாவுக்கு நானும் அவிக்கவேண்டும். (பானை 'போட்டோக்கள்' பெட்டியில் இருந்தது.) அப்புறம் லாரியின் கியர் பாக்ஸ் போய்விட்டது. அப்புறம் ஒரு காரணமும் வரவில்லை. படியில் என் செருப்புச் சத்தம் கேட்டால் அவர் கதவு சாத்திக்கொள்ளும்.

கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். திரைச்சீலைகளைத் துவைத்து மடித்துக் கட்டிவிட்டேனா, காலையில் வெயில் நேரே முகத்தில் வந்து விழுந்தது. எழுந்து பார்த்தால் எதிரே டான்யூப். படகுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகின்றன, அக்கரையில் ருமேனியாவின் புகைபோக்கிகள். இத்தனை வருஷம் சோபாத் துணி வெளுத்துவிடும் என்று இந்த ஆற்றை மூடிவைத்திருந்தேன். இப்போது ஒரே வாணலியை நடுவில் வைத்து, ஆளுக்கொரு கரண்டியோடு பெட்டிமேல் உட்கார்ந்து தின்றோம்.

"கல்யாணமான புதுசுல இப்படித்தான் இருந்தோம், இல்ல?"

"இருந்தோம். அப்போ உனக்கு இடுப்புன்னு ஒண்ணு இருந்துச்சு."

"உனக்கும்தான்" என்று என் பக்கவாட்டில் கண்ணை ஓட்டிவிட்டு வாணலியைச் சுரண்டினார்.

நவம்பர் நடுவில் ஒருநாள் பால்கனிக் கம்பியில் உறைபனி வெள்ளையாகப் பூத்திருந்தது. மதியம் கீழேயிருந்து வேல்கோவின் குரல் வந்தது. "அசென்! இன்னிக்கோட முடிச்சுக்கலாம்பா. விரல் விறைக்குது. வசந்தத்துல பாப்போம்!" பலகையை மடிக்கிற சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. இவர் உள்ளே வந்து பெட்டிகளைப் பார்த்தபடி உட்கார்ந்தார். சூப்பு வைத்துக் கொடுத்தேன். உப்பு எங்கே என்று கேட்கவில்லை.

நான் கீழே இறங்கினேன்.

ஸ்பாஸ் அண்ணன் கதவைத் தட்டினால் ஆளில்லை. நிலவறையில் விளக்கு எரிந்தது. பாதிப் படி இறங்கும்போதே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் நம்ப முடியவில்லை. கீழே போய்ப் பார்த்தால், நெஞ்சு உயரத்துக்கு ஒரு நீலப் பீப்பாய். அதன் அடியில் இருக்கும் குழாயைத் திறந்து குடத்தில் உப்புத்தண்ணீர் பிடித்து மேலே ஊற்றிக்கொண்டிருக்கிறார் மனுஷன்.

"ஸ்பாஸ் அண்ணே. என்ன இது?"

"கோஸ்."

"கோஸுன்னு எனக்குத் தெரியாதா? வித்த வீட்டுல கோஸ் ஊறப்போட்ட ஆள எங்கயாவது பாத்திருக்கீங்களா நீங்க?"

நிஜமாகவே கொஞ்சம் யோசித்தார். "இல்ல. இதான் முதல் தடவ."

"அண்ணே!"

"வேணும்னு செய்யல தாயே. சந்தைல சாக்கு சாக்கா வந்து இறங்கிருச்சு. தெருவே தூக்கிட்டுப் போவுது. நான் மட்டும் கைய வீசிட்டு எப்படி வர்றது? வாங்கிட்டேன். வாங்கினதைப் பாத்துட்டே இருக்க முடியுமா? தண்டக் குடைஞ்சேன், உப்பு வெச்சேன், அடுக்கினேன். மேல கல்லைத் தூக்கி வெச்சப்புறம்தான், ஐயையோ வீட்டை வித்தாச்சேன்னு ஞாபகம் வந்துச்சு."

"மகளுக்குத் தெரியுமா?"

"லாரில கியர் பாக்ஸ் போச்சுன்னு சொல்லியிருக்கேன்."

"எனக்கும் அதத்தானே சொன்னீங்க!"

"ஆளுக்கொரு பொய் சொன்னா ஞாபகம் இருக்குமா, இந்த வயசுல?"

நான் விடவில்லை. நிரம்பிய பீப்பாயை லாரியில் ஏற்ற முடியாது, பாதியில் குலுக்கினால் எல்லாம் கூழாகிவிடும், அது எனக்கும் தெரியும். "நீங்க கெளம்புங்க, கோஸ நான் பாத்துக்கறேன். ஆனதும் அனுப்பறேன்" என்றேன்.

"நீயா?" என்றார். "நீ அவசரக்காரி தோன்கா. குழாய முழுசாத் திறந்து விடுவ. உன் கோஸு மெத்துனு இருக்கும்னு இந்த மாடிப்படிக்கே தெரியும்."

ஐந்து மாடிக்கும் கேட்கிற மாதிரி ஒரு பதில் என் நாக்கில் வந்து நின்றது. அதற்குள் அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, பீப்பாயின் மூடியைத் துணியால் துடைத்தபடி சொன்னார்.

"என் மக ரொசித்சா வீடு பதினோராவது மாடி. நிலவறை கிடையாது. பால்கனில பீப்பாய் வைக்கக் கூடாதாம், சட்டமாம். அவ கோஸ கடைல கவர்ல வாங்கறா."

யாருக்கோ ஆபரேஷன் என்று சொல்கிற குரலில் சொன்னார். குழாயிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பீட்ரூட் போட்டிருப்பார் போல, இளஞ்சிவப்பாக இருந்தது. என் கை என்னைக் கேட்காமல் குழாயடிக்குப் போய் ஒரு வாய் அள்ளிக்கொண்டது. இந்த வருஷம் வீடு மாறப்போகிறோமே என்று நான் கோஸே போடவில்லை. உப்பு சரியாக இருந்தது. வாயில் அந்தப் புளிப்பை வைத்துக்கொண்டு கத்தவும் வரவில்லை.

"டிசம்பர்ல புனித நிக்கோலா நாள் வரைக்கும் பொறுத்துக்கோ, அதுக்குள்ள புளிச்சிரும்" என்றார் அவர்.

மேலே வந்து அசெனிடம் சொன்னேன். முதலில் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும். அப்புறம் கொஞ்ச நேரம் ஊன்றுகோலின் பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வீட்டுல எத்தன ரூமு?"

"ரெண்டு. சமையலறை தனியா."

"கோஸுக்கு எவ்வளவு எடம் வேணும்?"

"அதுக்கென்ன, நிலவறைல கெடக்கு."

"ஸ்பாஸுக்கு?"

"ஒரு கட்டில் போட எடம்... ஏன் கேக்கற?"

"அவன் போனாத்தான் நம்ம போகணும்னு யார் சொன்னா? கோஸோட அவன் இருக்கட்டும். நம்ம போவோம்."

"வித்தவனும் வாங்கினவனும் ஒரே வீட்டுலயா? ஊரே சிரிக்கும் அசென்."

"சிரிக்கட்டுமே. தரைத்தளத்துல இருந்தா நல்லாக் கேக்கும்."

ஸ்பாஸ் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் உள்ளே போனார். சமையலறையில் மேஜையை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை வேல்கோவும் இரண்டு மருமகன்களும் வந்தார்கள். நாலாவது ஆளாக லாரிக்காரன் வந்தான். அவனிடம் கியர் பாக்ஸ் எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். "அதுக்கென்ன, ராஜாவாட்டம் ஓடுது" என்றான். காலையில் நான் சீக்கிரமே எழுந்து ஆற்றைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டிருந்தேன். செம்புக் குடத்தில் தண்ணீர் நிரப்பி, ஒரு ஜெரேனியப் பூங்கொத்தும் செருகி வைத்திருந்தேன். வீட்டைவிட்டு நல்ல காரியத்துக்குப் போகிறவர் முன்னால் தண்ணீர் ஊற்றவேண்டும், காரியம் தண்ணீர்போல ஓடும். அசெனை நாற்காலியோடு தூக்கினார்கள். நான் முதல் படியில் குடத்தைச் சாய்த்தேன்.

"ஐயோ, தோன்கா அக்கா!" வேல்கோ அலறிவிட்டான். "இடுப்பு ஒடஞ்சவன தூக்கிட்டு வர்றோம், படில தண்ணி ஊத்தறியா? இன்னும் நாலு இடுப்பு ஒடைக்கணுமா உனக்கு?"

"ஊத்தாட்டி எப்படிடா?"

"கீழ போயி ஊத்து! ஆத்துல வேணா போயி ஊத்து!"

குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். பின்னாலேயே நாற்காலி வந்தது. "சாய்க்காதடா", "வளைவு, வளைவு", "மூணாவது மாடிக்காரி செடியத் தள்ளுங்கடா" என்று அசென்தான் உத்தரவு போட்டுக்கொண்டு வந்தார். தரைத்தளத்தில் கதவு திறந்திருந்தது. ஸ்பாஸ் அண்ணன் கோட்டு போட்டு, தலை சீவி நின்றார். அந்த வாசற்படியில் குடத்தைக் கவிழ்த்தேன். தண்ணீர் அவர் செருப்பை நனைத்தது.

"வாங்க, வாங்க" என்றார். கையை உள்ளே காட்டியவர் கொஞ்சம் தடுமாறிவிட்டுச் சொன்னார், "உங்க வீட்டுக்கு."

"நில்லு" என்றார் அசென். "உள்ள அப்புறம் போகலாம். வெளிய."

தூக்கியவர்கள் முனகிக்கொண்டே மரத்தடிக்குக் கொண்டுபோனார்கள். லிண்டன் இலையெல்லாம் கொட்டி அதன்மேல் பனி படிந்திருந்தது. அசென் ஊன்றுகோலை விட்டுவிட்டு இரண்டு பாதத்தையும் தரையில் வைத்தார். இலைகள் நொறுங்கின. வேல்கோ பையிலிருந்து பகடைகளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். ரொம்ப நேரம் குலுக்கினார். உருட்டினார்.

ஒன்று, ஒன்று.

வேல்கோ சிரித்ததில் ஜன்னல்கள் திறந்தன. "பாத்தியா! ஏமாத்தறேன்னு சொன்னியே!"

"இருக்கட்டும்டா" என்றார் அசென். முகமெல்லாம் சிவந்திருந்தது. "இது நான் போட்ட ஒண்ணு."

அப்படித்தான் ஒரு வீட்டில் மூன்று பேரானோம். ஸ்பாஸ் அண்ணன் சமையலறைக் கட்டிலில் படுத்தார். எந்தப் பாத்திரம் எந்த அலமாரியில் இருக்கவேண்டும் என்று நானும் அவரும் தினம் சண்டை போட்டோம். ஒருநாள் விட்டு ஒருநாள் கோஸ் தண்ணீரைப் பிடித்து மேலே ஊற்ற அவர் நிலவறைக்கு இறங்கினார். முன்னறை ஜன்னல் பெஞ்சு உயரத்தில் இருக்கிறது. அசென் உள்ளே, வேல்கோ காதுவரை தொப்பியோடு வெளியே, நடுவில் ஜன்னல் கட்டையில் பலகை. "கணப்புச் சூடெல்லாம் தெருவுக்குப் போகுது!" என்று நான் கத்துவேன். "தெருவுக்கும் குளிருதுல்ல" என்பார் இவர்.

புனித நிக்கோலா நாள் வந்தது. கெண்டை மீனுக்குள் அரிசி அடைத்து அடுப்பில் வைத்தேன். ஸ்பாஸ் அண்ணன் முதல் கோஸைத் தட்டில் வைத்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மேலே வந்தார். வெட்டினேன். கத்தி இறங்கும்போதே மொறுக்கென்றது. மஞ்சளாக, கண்ணாடிமாதிரி, நரம்புகூடத் தெரிந்தது. மிளகாய்த்தூள் தூவி மூன்று பேரும் ஆளுக்கொரு இதழ் எடுத்து வாயில் வைத்தோம். என் ஆயுசில் நான் இப்படி ஒன்று போட்டதில்லை, அதை அவரிடம் சொல்லவும் போவதில்லை.

மேஜைமேல் போன் அடித்தது. ரொசித்சா. எப்போதோ மகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டிருக்கிறார் போல.

"அப்பா, கோஸ் ஆயிடுச்சா? சனிக்கிழம வண்டி எடுத்துட்டு வரட்டா?"

ஸ்பாஸ் அண்ணன் போனைப் பிடித்தபடி எங்களைப் பார்த்தார். அசென் மென்றார். நிதானமாக விழுங்கினார். அடுத்த இதழை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னும் பச்ச வாடை அடிக்குதே" என்றார். "ஒரு வாரமாச்சும் ஆகணும். இல்ல தோன்கா?"

அடுப்பில் மீனைப் பார்க்கவேண்டும்போல இருந்தது எனக்கு. பார்த்தேன். "சனிக்கிழமன்னா சரிப்படாது" என்றேன். "ஊறட்டும்."

போனுக்குள் ரொசித்சா என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள். ஸ்பாஸ் அண்ணன் பதில் சொல்வதற்குள் நான் குடத்தை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கிவிட்டேன். குழாயைத் திறந்தேன். இளஞ்சிவப்புத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு இறங்கியது. தலைக்குமேல் பலகையில் பகடை உருண்டு நின்றது, யாரோ சிரித்தார்கள், மறுபடி உருண்டது. குழாயை இன்னும் கொஞ்சம் மெல்லியதாகத் திருகிவைத்தேன். நூல்மாதிரி விழுந்தது.