ஜன்னல் வழியாக ஒரு துண்டு

1

"எடத்த புடிச்சிட்டு நீங்களே நின்னுக்கினு வர்றீங்களே, இது இன்னாங்க?"

"கலை, வேணி."

"அப்ப நான் நின்னுக்கினு வர்றது?"

"அது... பஸ்ல கூட்டம்."

கல்யாணமான புதிதில் நடந்த இந்தப் பேச்சை வேணி எனக்குச் சொன்ன அன்றே கதை பிறந்துவிட்டது. குடும்பக் கதை எழுதுகிறவளுக்கு வேறென்ன வேண்டும்?

2

[முதலில் இப்படித் தொடங்கினேன்: "கருத்துக்கலை என்பது பொருளைவிட எண்ணத்தையே..." வேணி கொட்டாவி விட்டாள். அடித்துவிட்டேன்.]

நேராகவே சொல்கிறேன். வேணியின் கணவர் தென்னரசு, விழுப்புரத்தில் ஓவிய ஆசிரியர். திங்கட்கிழமைதோறும் திண்டிவனம் பேருந்து நிலையத்தில், விழுப்புரம் பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டை எறிந்து ஓர் இடம் பிடிப்பார். ஏறியதும் முன்பின் அறியாத யாரையாவது அதில் உட்காரவைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டு வருவார். ஊர் பேர் கேட்கமாட்டார். தெரிந்தவர்களுக்கு மட்டும் இடமில்லை, அது விதி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதுதான் அவர் படைப்பு.

(அவருடைய அப்பா, மண்ணாங்கட்டி என்று பேர், காணை கிராமத்தில் கூலி வேலைக்குப் போனவர். நிலத்துக்காரர் பஸ்ஸில் ஏறினால் இவர் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்துவிடுவார். இதை அடிக்குறிப்பாகப் போடலாம் என்றிருந்தேன். "கதையே அதாங்க" என்றாள் வேணி.)

3

அந்த பஸ்ஸில் வருஷக்கணக்கில் கேமராவோடு தொங்கிய கோட்டக்குப்பத்துப் பெண் சாஜிதா. அவள் எடுத்த ஆவணப்படத்தைத் திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் திரையிட்டார்கள். அந்த இடத்தில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரையில் பேசினார்கள். மல்லாட்டைக் கடலை வியாபாரி ஒருவர், "எலக்சன் வருதுபோலன்னு நெனச்சேன்" என்றதும் மண்டபமே சிரித்தது.

எல்லாக் காட்சியிலும் மேல்கம்பியைப் பிடித்தபடி பச்சை வளையல் போட்ட ஒரு கை தெரிந்தது. வேணியின் கை. அவளும் அதே பஸ்ஸில்தான் விழுப்புரத்துக்கு வேலைக்குப் போகிறாள். தன் கையை அவள் பார்த்ததாகவே தெரியவில்லை. பக்கத்து நாற்காலிக்காரியிடம், அவள் கேட்காமலே, "எங்க வீட்டுக்காரருதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

4

படம் முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் சாஜிதா மைக்கை நீட்டினாள். "நீங்களும் பேசுங்கக்கா."

வேணிக்குள் பல வருஷமாக ஒரு வேண்டுகோள் நின்றிருந்தது. கேட்டால் விதி உடையும். அந்த விதிக்குத்தான் இவ்வளவு கைதட்டலும்.

நான் எழுதிய முடிவில், தனக்கும் ஒருநாள் இடம் பிடிக்கச் சொல்லி அவள் கேட்கிறாள். தென்னரசு கண் கலங்குகிறார். ஜன்னலோரத்தில் அவள் கூந்தல் மல்லிகை...

[வேணி படித்தாள். "எனக்கு எதுக்குங்க சீட்டு? எனக்கு நிக்கத் தெரியாதா?" என் வாக்கியம் அப்படியே பாதியில் நிற்கிறது.]

இன்னொரு முடிவில் ஒன்றும் சொல்லாமல் மைக்கைத் திருப்பிக் கொடுக்கிறாள். அழகாகத்தான் இருந்தது, ஆனால் வேணி அப்படிப்பட்டவள் இல்லை.

தென்னரசு என்ன பதில் சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வேணி எழுந்து, முன்வரிசையில் இருந்த அவரைப் பார்த்துச் சொன்னதை மட்டும் நான் மாற்றாமல் வைக்கிறேன்:

"வர்ற திங்கக்கெழம துண்ட எங்கிட்ட குடுங்க. நான் போடுறேன். நீங்க உக்காருங்க."