நாத்தனார் வயலில் முளைத்த சோளம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. முன்னிருக்கைப் பெண்கள் இருவர், "வெள்ளம் வடிஞ்ச கையோட ஒருத்தி அடுத்தவ வயல்ல போய் வெதச்சிட்டாளாம்!" என்று சிரித்தார்கள். மீதியைக் கேட்பதற்குள் இறங்கிப் போய்விட்டார்கள். ஆகவே மீதி முழுக்க என் கைச்சரக்கு.

2

"வெள்ளம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனபின், வானம்..."

(வேண்டாம். வானத்தைப் பார்க்க அவளுக்கு ஏது நேரம்?)

அவளை ஊரே 'அவசரம்' என்றுதான் கூப்பிடும். வெள்ளம் வடிந்தபோது வரப்புகளெல்லாம் வண்டலில் புதைந்து, வயல்கள் ஒரே வெளியாகக் கிடந்தன. நில அளவையர் வந்து கல் நடும்வரை பொறுக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் பொறுத்தார்கள். இவளாவது, பொறுப்பதாவது! தன் வயல் மூலையில் இருந்த சிமெண்ட் மாட்டுத்தொட்டியை அடையாளம் வைத்துக்கொண்டு, பரணில் தப்பிய விதைச்சோளம் முழுவதையும் ஈரம் காய்வதற்குள் விதைத்து முடித்தாள். ஒரு பிடிகூட மிச்சம் வைக்கவில்லை.

தொட்டியையும் வெள்ளம் இழுத்துப் போயிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அது பக்கத்து வயல் மூலையில், காலங்காலமாக அங்கேயே இருப்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. (நம்புவது கஷ்டம்தான். எனக்கே கொஞ்சம் உதைக்கிறது. ஆனால் தொட்டியை எடுத்தால் கதையே இல்லை, தயவுசெய்து விட்டுக்கொடுங்கள்.)

3

அளவையர் கல் நட்டார். முளைத்திருந்த சோளம் அத்தனையும் நாத்தனார் பக்கம். பாகம் பிரித்ததிலிருந்து முகம் பார்த்துப் பேசாத அதே நாத்தனார்.

இந்த இடத்தில் 'அவசரம்' அழ வேண்டும் என்பது என் திட்டம். "அவள் கண்களில்..." என்று தொடங்கினேன். அவள் ஒத்துழைக்கவில்லை.

"போச்சு! என்னை மாதிரி கூறுகெட்டவ உண்டா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். இந்தப் போகமும் தவறினால் நிலத்தை விற்றுவிட்டுக் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

4

முதல் முடிவு: நாத்தனார் ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். (எழுதிவிட்டு நானே சிரித்துவிட்டேன்.)

இரண்டாம் முடிவு: நாத்தனார் எல்லாவற்றையும் உழுது தள்ளுகிறாள். (அவ்வளவு பொல்லாதவள் இல்லை. மறுபடி விதைக்க அவளிடம் ஒரு மணியும் கிடையாது.)

சரி, அவளையே வரவிடுவோம். வந்தாள்.

"என்ன அண்ணி, எங்க வயல்ல என்ன வேலை?"

"வெதை என்னுது."

"மண்ணு என்னுது."

"பாதிப்பாதியாக..." என்று நான் குறுக்கிட்டேன்.

"நீங்க சும்மா இருங்க!" என்றார்கள் இருவரும். பல வருடங்களில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

நாத்தனார் குனிந்து ஒரு முளையைத் தொட்டாள். "வண்டல் இறுகுது அண்ணி. கொத்திவிடலைன்னா இன்னிக்கே செத்துரும். சண்டையை அப்புறம் வச்சுக்கலாம்."

'அவசரத்துக்கு' உயிர் வந்தது. காட்டிக்கொள்ளாமல், "அப்புறம் கட்டாயம் உண்டு!" என்றாள்.

5

இப்போது ஆளுக்கொரு களைக்கொத்தோடு எதிரெதிர் ஓரத்திலிருந்து கொத்திக்கொண்டே வருகிறார்கள். நடுவயலில் சந்திக்கும்போது சோளம் யாருக்கு என்று பேசியாக வேண்டும். என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிய வேண்டுமென்றால் இறங்கிப் போய்க் கேளுங்கள். வயல் பெரிது, வெயில் ஏறுகிறது, இன்னொரு களைக்கொத்து ஓரமாகச் சும்மாதான் கிடக்கிறது.