ஒளி இறக்கிய வீடு

மகளை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரத்தில், திரைப்படங்களுக்கு நிறம் திருத்துபவரின் மனைவியுடைய முகம் எழுபது நிட்டிலிருந்து நாற்பதுக்கு இறங்கியது. நிட் என்பது திரையின் ஒளியை அளக்கும் அலகு; அவருடைய வேலைக்கூடத்தில் வெள்ளைத் தாள் இருநூற்று மூன்று, சூரியன் ஆயிரம், மனித முகம் எழுபதுக்கு முன்பின். ஒளிமானியை மனைவியின் கன்னத்துக்கு நேராகப் பிடித்தவர், கருவியில் கோளாறோ என்று சுவரையும் அளந்தார். சுவர் சரியாகத்தான் இருந்தது. மருத்துவர் இரும்புச் சத்து குறைவு என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார். மழைக்காலம் முடிவதற்குள் முகம் பதினைந்துக்கு வந்துவிட்டது. விளக்கை நேரே காட்டியும் ஏறவில்லை.

ஒளி ஏற்ற முடியாத ஒன்றை, சுற்றியுள்ளவற்றின் ஒளியை இறக்கிக் காப்பாற்றுவது அவர் தொழிலில் வழக்கம். மெழுகுவத்தி மங்கலாக இருந்தால் அறையை இருட்டாக்குவார். பார்க்கிறவர்கள் சுடர் பிரகாசம் என்பார்கள். வீட்டிலும் அதையே செய்தார். சுவர்கள், பாத்திரங்கள், ஜன்னலில் தெரிந்த வானத்துண்டு என ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு இறக்கினார். அவையும் மறுக்காமல் இறங்கின. மகளின் அறையை முழுக் கருப்புக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார். அதற்குள் ஐந்து நிட்டுக்கு வந்திருந்த மனைவி, அந்த வீட்டின் மிகப் பிரகாசமான பொருளாக உட்கார்ந்து பட்டாணி உரித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனி வந்து நாற்காலியில் முட்டிக்கொண்டாள்.

"என்ன அத்தான், கரண்டைப் புடுங்கிட்டாங்களா? அக்கா மட்டும்தான் தெரியுறா. நீங்க எங்க?"

"இங்கதான் நிக்கிறேன்."

"இங்கதான்னா? குரல்தான் வருது."

அப்போதுதான் அவருக்குத் தம் பிழை விளங்கியது. சுற்றுப்புறத்தை இறக்கியபோது தம்மையும் அதில் சேர்த்துவிட்டிருந்தார்.

மனைவி தலை நிமிராமல் சொன்னாள்: "எனக்கு ரெண்டு மாசமாவே இவரு கண்ணுக்குத் தெரியலடி. சொன்னா தன்னை ஏத்திக்குவாரு, அதான் சொல்லல."

அவர் தம்மைக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தார். அந்த அளவுக்கு அவள் மறைந்தாள்; பட்டாணி கிண்ணத்தில் விழும் ஓசை மட்டும் எஞ்சியது. மைத்துனி, "அக்கா" என்றாள். அவர் பழைய அளவுக்கே இறங்கிக்கொண்டார்.

ஆண்டுகள் போயின. அவள் இரண்டு நிட்டில் நிலைத்தாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஓய்ந்து, வேறு வேலையாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். உள்ளே நுழைந்ததும் சற்று நிற்பார்கள். கண் பழகியதும் அவளிடம் நலம் கேட்டுவிட்டு, குரல் வரும் பக்கமாகத் திரும்பி அவரிடமும் கேட்பார்கள்.