பனவடலிசத்திரத்துக்கு ஒரு பக்கம்

சங்கரன்கோவிலில் வேல்சாமியிடம் நான்கு ஐஸ் பெட்டிகள் இருந்தன. சொந்தபந்தம் வந்து சேரும்வரை இறந்தவரைக் கெடாமல் கிடத்தி வைக்கும் பெட்டிகள். மகன் பாண்டிராஜ் வண்டி ஓட்டினான். மருமகள் காவியா ஃபோன் எடுத்தாள். கம்ப்யூட்டர் படித்த பாவத்துக்கு வெப்சைட்டும் அவள் தலையில் விழுந்தது. அந்த வெப்சைட் கூகுளில் மூன்றாம் பக்கத்தில் கிடந்தது. துக்க வீட்டில் எவன் மூன்றாம் பக்கம்வரை புரட்டிக்கொண்டிருப்பான்? முதலில் கண்ணில் படுகிற நம்பரை அமுக்குவான். அந்த முதல் நம்பர் இதே தொழில் செய்யும் பைபாஸ் ரோட்டுக்காரனுடையது. அதை நினைத்தாலே வேல்சாமிக்கு வயிறு எரிந்தது.

காவியாவின் கல்லூரித் தோழி ஷமீராவுக்குத் திருநெல்வேலியில் இதே வேலைதான். கடைகளின் வெப்சைட்டை மேலே கொண்டுவருவது. அவள் ஃபோனில் வழி சொன்னாள்.

“ஊருக்கு ஒரு பக்கம் எழுதுட்டி. ஒண்ணை எழுதிட்டு ஊர் பேரை மட்டும் மாத்தி மாத்திப் போட்டுறாத, கூகுள் கண்டுபிடிச்சிரும். அந்த ஊர் ஆளே எழுதுன மாதிரி இருக்கணும். வண்டி எந்த வழியா வரும், எந்தத் தெரு குறுகல், எங்கன கரண்டு போகும், எல்லாத்தையும் எழுது.”

மாதிரிக்கு ஒரு ஜவுளிக்கடைப் பக்கத்தை அனுப்பியும் வைத்தாள். காவியா அதைப் பார்த்துக் குருவிகுளத்துக்கு எழுதினாள். அடியில் இருந்த ‘வருகைக்கு நன்றி, மீண்டும் வருக’ என்ற வரியையும் அப்படியே விட்டுவிட்டாள். வேல்சாமி தலையில் அடித்துக்கொண்டார். பெட்டியை இறக்கிவிட்டு ‘போயிட்டு வாரேன்’ என்றுகூடச் சொல்லாமல் திரும்புகிற தொழில் அது.

“சாவு வீட்டுக்காரனை மீண்டும் வாங்கன்னு கூப்பிடுதியே மக்கா, வெளங்குமா?”

மூன்று பேரும் சிரித்து உருண்டார்கள். வரியை எடுத்துவிட்டுப் பக்கத்தை ஏற்றினாள். வியாழக்கிழமை ஏற்றினாள், சனிக்கிழமை குருவிகுளத்திலிருந்து ஃபோன் வந்தது. வேல்சாமி முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ளப் படாதபாடு பட்டார்.

அடுத்த ஊர் திருவேங்கடம். கரிசல் காடு, மழை பெய்தால் சக்கரம் புதையும், எந்தப் பாதையில், எந்தத் தெரு வழியாக வர வேண்டும் என்றெல்லாம் விசாரித்து எழுதினாள். திங்கட்கிழமை ஏற்றினாள். செவ்வாய்க்கிழமையே அழைப்பு வந்தது. இந்தத் தடவை காவியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. துக்க வீட்டுக்காரர் சொன்ன தெருவும் அவள் எழுதிய தெருவும் ஒன்றாக இருந்தது.

சேர்ந்தமரத்துக்குக் காலை பத்து மணிக்கு ஏற்றினாள். மதியச் சோற்றுக்குத் தட்டு எடுத்து வைக்கும்போது ஃபோன் அடித்தது.

“சேர்ந்தமரத்துல இருந்து பேசுதோம். எங்க சித்தப்பா தவறிட்டாரு. ஒரு பொட்டி வேணும்.”

“நம்பர் எப்படிக் கெடச்சிது அண்ணாச்சி?”

“நெட்டுலதாம்மா பாத்தோம்.”

தட்டை மூடி வைத்தாள். ஷமீராவைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

“ஏட்டி, புதுசா ஒரு பக்கம் போட்டா கூகுள் வந்து எட்டிப் பாக்கவே ரெண்டு மூணு நாள் ஆகும். அதுக்குள்ள எப்படி வரும்? வேற எங்கயாவது பாத்திருப்பாங்க, விடு.”

விட முடியவில்லை. ஊர்ப் பெயரை எழுதப் போனாலே அங்கே யாரோ ஒருவர் அந்த நேரத்தில் காப்பி குடித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. அடுத்து எந்த ஊர் என்று மாமனார் கேட்கும்போது, அடுத்து யார் என்று கேட்பதுபோல அவள் காதில் விழுந்தது. பயம் என்றால் சாதாரணப் பயமில்லை. பாண்டிராஜிடம் சொன்னதற்கு, “நாம எழுதியா சாவு வருது? லூசு மாதிரிப் பேசாத” என்றான். அவன் சொன்னது நியாயம்தான். நியாயம் தெரிந்தால் பயம் போய்விடுமா என்ன?

அப்போதுதான் வேல்சாமி அடுத்த ஊரைச் சொன்னார்.

“பனவடலிசத்திரத்தைப் போட்டுருவோம். ஒனக்குத் தெரியாத ஊரா? நீ பொறந்து வளந்த ஊரு. கண்ணை மூடிக்கிட்டு எழுதிருவ.”

பனவடலிசத்திரத்தில் அவளுடைய அம்மா முத்துமாரி தனியாக இருந்தாள். வேறு பிள்ளை இல்லை, புருஷனும் இல்லை. காவியாவுக்கு உலகத்தில் பெற்ற உறவு என்று மிச்சமிருந்தது அந்த ஒருத்திதான்.

தலைவலி என்றாள், நெட் வரவில்லை என்றாள். பத்து நாள் சாக்குச் சொல்லி ஓட்டினாள். பதினோராம் நாள் மனசு கேட்காமல் பஸ் ஏறினாள். அம்மா வாசலில் முறத்தை வைத்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள். காவியாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

ஆனால் பக்கம் எழுதிப் பழகிய அந்தக் கண் இருக்கிறதே, அது சும்மா இருக்கவில்லை. முனையில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியோடு வண்டி நின்றுவிடும், சந்துக்குள் திரும்பாது. அங்கிருந்து நாலு பேர் தூக்கி வர வேண்டும். வாசல் நிலை குறுகல், பெட்டியைச் சாய்த்துப் பிடித்தால்தான் நுழையும். பெரிய பிளக் அடுப்படியில்தான் இருக்கிறது, வயர் நீளமாக எடுத்து வர வேண்டும்.

“என்னட்டி, நெலையவே மொறச்சிப் பாத்துக்கிட்டு நிக்க?”

காவியா நிலையிலிருந்து கண்ணை எடுத்தாள். பக்கம் முழுவதையும் மனசுக்குள் எழுதி முடித்திருந்தாள். ஒரு வரி பாக்கியில்லை.

“எங்கூட வந்துரும்மா” என்று கையைப் பிடித்தாள்.

“சம்மந்தி வீட்டுல போயி உக்காந்து சாப்பிடுததா? நல்லாருக்கு போ. எதுத்த வீட்டுல பிச்சம்மா அக்கா இருக்கா, எனக்கென்ன கொறச்சல்?”

திரும்பி வந்ததும் மாமனாரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

“அந்த ஊருக்கு மட்டும் எழுத மாட்டேன் மாமா.”

“நீ எழுதலைன்னா அங்கன யாரும் சாக மாட்டாங்களா?”

“செத்தா பைபாஸ் ரோட்டுக்காரன்கிட்ட கேக்கட்டும்.”

வேல்சாமி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த ஊரை விட்டுவிட்டார்.

அதிலிருந்து நான்காம் நாள் காலை எட்டு மணி. தோசைக்கல்லைப் போட்டிருந்தாள். புது நம்பர்.

“ஐஸ் பொட்டிங்களா? பனவடலிசத்திரத்துக்கு ஒண்ணு வேணும். நெட்டுல ஊர் பேரைப் போட்டேன், ஒங்களுதுதான் மொதல்ல வந்துச்சி.”

பக்கமே இல்லையே என்று சொல்ல வாயெடுத்தவள் வழக்கம்போல வழி கேட்டாள்.

“எங்கன வரணும்?”

“தண்ணித் தொட்டியோட வண்டி நின்னுரும்மா. உள்ள திரும்பாது. சந்துக்குள்ள தூக்கிட்டுத்தான் வரணும். வயசான பொம்பளை, தனியாதான் இருந்தாங்க. விடிகாலைல தவறியிருக்காங்க. நான் மருமகன் மொறை, வெளியூரு, எனக்கு வேற வெவரம் தெரியலை.”

எல்லாம் அவள் வரிகள். தோசை கருகியது. பெயர் கேட்டாக வேண்டும். பில்லில் எழுத, பெட்டியின் தலைமாட்டு அட்டையில் எழுத, தினமும் கேட்கிற கேள்விதான்.

“பேரு?”

“பிச்சம்மாள்.”

“நல்லவேளை” என்றாள் காவியா.

சத்தமாகவே சொல்லிவிட்டாள். எதிர்முனையில் பேச்சு நின்றது. பின்னால் யாரோ அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்தினார்கள்.

“என்னம்மா சொன்னீங்க?”

“வண்டி வருதுன்னு சொன்னேன் அண்ணாச்சி” என்று ஃபோனை வைத்தாள். அம்மா காட்டு வேலைக்குப் போன நாட்களில் காவியாவுக்குத் தலைவாரி, சோறு ஊட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் பிச்சம்மாள். ஃபோனை வைத்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

வண்டியில் அவளும் போனாள். எங்கே நிறுத்த வேண்டும், எப்படிச் சாய்க்க வேண்டும் என்று பாண்டிராஜுக்கு அவளே சொன்னாள். எதிரெதிர் வீடுகள் இரண்டுக்கும் ஒரே அளவு நிலை. பெட்டியைக் கூடத்தில் வைத்து, பிச்சம்மாளைக் கிடத்தி, மூடியைப் போட்டார்கள். பிச்சம்மாளின் மகள் காவியாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அழுகை அடங்கியதும் முத்துமாரி மகளைச் சந்துப் பக்கம் கூட்டிப் போனாள்.

“நான் ஒனக்குச் சொல்லுததுக்குள்ள அந்த மருமகத் தம்பியே நெட்டுல பாத்து ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டுட்டாரு” என்றாள். “நாங்க எல்லாரும் சுத்தி நின்னோம். ‘நல்லவேளை’ன்னு சொன்னது நீதான்னு அவுங்க யாருக்கும் தெரியாது. நானும் சொல்லலை.”